மண்ணைத் தேற்ற எதில் பணம் போடுவது? வண்டல், கிடை, பசுந்தாள், தொழு உரம்: ஓர் ஒப்பீடு

தை அறுவடை முடிந்து வயல் காலியாகக் கிடக்கும் மாதங்களில் எனக்கு வரும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கும். “நிலம் முன்புபோல் விளைவதில்லை. யூரியா கூட்டிப் போட்டால்தான் பயிர் பச்சை கட்டுகிறது. ஒருவர் வண்டல் அடிக்கச் சொல்கிறார், இன்னொருவர் கிடை போடச் சொல்கிறார், வேளாண்மை அலுவலகத்தில் தக்கைப்பூண்டு விதைக்கச் சொல்கிறார்கள். கையில் இருக்கும் பணம் ஒன்றுக்குத்தான் காணும். எதைச் செய்வது?”

சிவகங்கைப் பக்கம் எனக்கு இரண்டு ஏக்கர் செம்மண் புஞ்சையும், ஒரு ஏக்கர் கண்மாய்ப் பாசன நஞ்சையும் இருக்கின்றன. வண்டல் (கண்மாய் மடியில் படிந்த மண்), கிடை (இரவில் ஆடுகளை வயலில் படுக்கவைப்பது), பசுந்தாள் (தக்கைப்பூண்டு போன்ற செடியை வளர்த்து மண்ணிலேயே மடக்கி உழுவது), தொழு உரம் (மட்கிய மாட்டெரு) ஆகிய நான்கையும் வெவ்வேறு ஆண்டுகளில் செய்து பார்த்திருக்கிறேன். ஒரே ஆளின் இரண்டு துண்டு நிலத்துக்கே விடை வேறாக இருந்தது. ஆகவே ‘எது சிறந்தது’ என்று ஒரே சொல்லில் பதில் சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. உங்கள் மண் எதை இழந்திருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் பணம் போக வேண்டும்.

## முதலில் ஒழுகலை அடைக்க வேண்டும்

ஓட்டைப் பானையில் எவ்வளவு ஊற்றினாலும் நிற்காது. மண் கெடுவதற்கான காரணங்களில் நான்கு நம் கையிலேயே இருக்கின்றன. இவற்றை நிறுத்தச் செலவு அதிகமில்லை.

வைக்கோலையும் சோளத்தட்டையையும் வயலிலேயே கொளுத்துவது முதலாவது. அதில் இருக்கும் தழைச்சத்து (நைட்ரஜன்) புகையோடு போய்விடும். மேல்மண்ணில் இருக்கும் உயிர்களும் வெந்துபோகும். இரண்டாவது, ரோட்டவேட்டரை (சுழல் கலப்பையை) இரண்டு மூன்று முறை ஓட்டி மண்ணை மாவாக்குவது. மாவான மண் முதல் மழையில் குழைந்து, காய்ந்ததும் தகடுபோல் மேலே இறுகிவிடும். முளை அதை முட்டித் திறக்க முடியாமல் உள்ளேயே மடங்கும். ஆண்டுதோறும் ஒரே ஆழத்தில் உழுவதால் அடியிலும் ஒரு கடினத் தட்டு உருவாகிறது. மூன்றாவது, சரிவான புஞ்சையில் உடைந்த வரப்பைக் கட்டாமல் விடுவது. ஐப்பசி மழை ஒன்று போதும், நாம் போட்ட எரு முழுவதும் பள்ளத்து வயல்காரருக்குப் போய்ச் சேர்ந்துவிடும். நான்காவது, மேல்மண்ணைச் செங்கல் சூளைக்கு விற்பது. இதைப் பற்றி எழுதும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது. ஓர் அடி மேல்மண்ணை விற்றவர் கையில் வாங்கிய பணம் ஒரு கல்யாணத்துக்குக் காணாது. அந்த மண் திரும்ப உருவாக நம் பேரன் காலமும் போதாது.

இவற்றோடு, ஆழ்துளைக் கிணற்று உப்புநீரும், எருவே இல்லாமல் இரசாயன உரத்தை மட்டும் நம்புவதும் மெல்ல மெல்லக் கொல்பவை. கோயம்புத்தூரில் வேளாண் பல்கலைக்கழக நிலத்தில் 1909 முதல் ஒரு நிரந்தர உரச் சோதனை நடந்துவருகிறது. ஒரே வயலில் சில பாத்திகளுக்கு இரசாயன உரம் மட்டும், சிலவற்றுக்குத் தொழு உரம், சிலவற்றுக்கு எதுவுமே இல்லை என்று நூறு ஆண்டுகளுக்கும் மேலாகப் பார்த்துவருகிறார்கள். தொழு உரம் சேர்ந்த பாத்திகளில்தான் மண்ணின் கரிமச்சத்து உயர்ந்து நிற்கிறது. கிராமத்துப் பெரியவர்கள் சொல்லிவந்ததற்கு அளவெடுத்த சாட்சி அது.

## மண் எதை இழந்திருக்கிறது? அரை நாளில் பார்த்துவிடலாம்

ஒன்று: ஈரம் இருக்கும் நாளில் கடப்பாரையை நிலத்தில் குத்துங்கள். ஆறு, எட்டு அங்குலத்தில் ‘டங்’ என்று நின்றால் அடியில் கடினத் தட்டு இருக்கிறது. இதற்கு எந்த எருவும் உடனே தீர்வாகாது. கோடையில் உளிக்கலப்பை போட்டு உடைத்த பிறகுதான் மற்றதெல்லாம்.

இரண்டு: நன்றாகக் காய்ந்த ஒரு மண்கட்டியைக் கண்ணாடிக் குவளை நீரில் மெல்ல இறக்குங்கள். கட்டி நெடுநேரம் கட்டியாகவே இருந்தால் மண்ணில் பிடிப்பு இருக்கிறது. சில நிமிடங்களில் பொலபொலவென்று உதிர்ந்தால் கரிமச்சத்து போய்விட்டது. உதிர்ந்ததோடு நிற்காமல் நீர் மணிக்கணக்கில் பால்போல் கலங்கியே இருந்தால் களர்த்தன்மையை, அதாவது மண்ணில் சோடியம் மிகுந்திருப்பதை, சந்தேகிக்க வேண்டும்.

மூன்று: மண் பரிசோதனை. வேளாண்மைத் துறை தரும் மண்வள அட்டையில் மூன்று வரிகளை மட்டும் முதலில் பாருங்கள். கரிமச்சத்து 0.5 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் குறைவு, 0.75-க்கு மேல் இருந்தால் நல்ல நிலை. கார அமிலநிலை (pH) 8.5-ஐத் தாண்டினால் களர். மின்கடத்துதிறன் (EC) 4-ஐத் தாண்டினால் உவர், அதாவது உப்பு மிகுந்த மண். களருக்கு ஜிப்சம் இட்டு, நல்ல நீர் கட்டி வடித்துவிட்ட பிறகே எரு வேலை செய்யும்.

## எதை வைத்து எடைபோடுகிறேன்

ஐந்து கேள்விகள். மண்ணின் உடலை, அதாவது நீர் பிடிக்கும் தன்மையை மாற்றுகிறதா? அந்த ஆண்டுப் பயிருக்குச் சத்துத் தருகிறதா? பலன் எத்தனை ஆண்டு நிற்கும்? நீரும் நாளும் எவ்வளவு பிடிக்கும்? கண்ணுக்குத் தெரியாத செலவு என்ன?

அதோடு ஒரு கணக்கையும் மனத்தில் வையுங்கள். ஒரு ஏக்கரின் மேல் அரையடி மண் ஏறத்தாழ 850 டன் எடை. அதில் கரிமச்சத்தை 0.1 சதவீதம் உயர்த்தக்கூட 850 கிலோ கரிமம் மண்ணில் தங்க வேண்டும். நாம் போடும் எருவில் பெரும்பகுதி நம் வெயிலுக்கு மட்கிக் காற்றோடு போய்விடுகிறது. ஆகவே ஒரே ஆண்டில் மண் திருந்தும் என்று யார் சொல்லி எதை விற்றாலும் வாங்காதீர்கள்.

## வண்டல் மண்

மணற்பாங்கான செம்மண்ணுக்கும் சரளை நிலத்துக்கும் இதற்கு ஈடு வேறில்லை என்பது என் உறுதியான எண்ணம். மற்ற மூன்றும் மண்ணுக்கு உணவு. வண்டல் மட்டும்தான் மண்ணுக்கே மண். பல ஆண்டுகளாக மழைநீர் அரித்துக்கொண்டு போன நுண்ணிய களியும் மட்கும் கண்மாயின் மடியில்தான் படிந்திருக்கின்றன. நாம் இழந்ததைத் திரும்ப எடுத்து வருகிறோம், அவ்வளவுதான். என் புஞ்சையில் வண்டல் பட்ட பாதியில் நிலக்கடலை ஒரு மழை தவறியும் தாங்கி நின்றது. படாத பாதி நான்கு நாள் முன்னதாகவே வாடியது.

தமிழ்நாட்டில் விவசாயத்துக்கு வண்டல் எடுக்கக் கட்டணமில்லை. நஞ்சைக்கு ஏக்கருக்கு 75 கன மீட்டரும், புஞ்சைக்கு 90 கன மீட்டரும் எடுக்கலாம். 2024 முதல் வட்டாட்சியர் அளவிலேயே அனுமதி கிடைக்கிறது. 75 கன மீட்டர் என்றால் கேட்கப் பெரிதாக இருக்கும். ஏக்கர் முழுவதும் பரப்பினால் ஒரு விரற்கடைக் கனம்தான். 90 என்றாலும் இரண்டு சென்டிமீட்டருக்குச் சற்று மேல்.

மண் இலவசம் என்பதால் செலவே இல்லை என்று இறங்கிவிடாதீர்கள். 90 கன மீட்டர் என்பது ஏறத்தாழ 32 யூனிட் (ஒரு யூனிட் நூறு கன அடி). மூன்று யூனிட் டிப்பருக்குப் பதினோரு நடை. அள்ளும் இயந்திரத்தின் மணி வாடகை, டிப்பர் வாடகை, பிறகு வயலில் இழுத்துப் பரப்பும் கூலி எல்லாம் சேரும். கண்மாய் மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தால் கணக்கை இரண்டு முறை போட்டுப் பாருங்கள். கனத்த டிப்பர் வயலுக்குள் ஓடிய தடம் இறுகிப்போகும். வரப்போரமாகக் கொட்டி டிராக்டரால் தள்ளுவது நல்லது.

இன்னொன்று, அள்ளுகிறவர் அவசரத்தில் ஆழமாகத் தோண்டிவிடுவார். மேலே படிந்த கருத்த படிவுதான் வண்டல். அதற்குக் கீழே வருவது சவுடு, சத்தில்லாத அடிமண். முதல் முறை நான் கூடவே நிற்காததால் கடைசி நான்கு நடை வெறும் சவுடாக வந்து சேர்ந்தது. இப்போதெல்லாம் வாடகை வண்டி வரும் நாளில் கண்மாய்க்குள்ளேயே குடையோடு நின்றுவிடுகிறேன். ஊர்ச் சாக்கடையோ தொழிற்சாலைக் கழிவோ கலக்கும் ஏரி என்றால் மண்ணைச் சோதிக்காமல் தொடவே வேண்டாம். நெய்வேலிக் காட்டாமணக்கு மண்டிய கரையோரத்து மண்ணையும் தவிருங்கள். ஒரு தண்டுத் துண்டு போதும், அது உங்கள் வயலில் குடியேறிவிடும்.

கரிசலுக்கும் களிமண்ணுக்கும் வண்டல் தேவையில்லை. ஏற்கெனவே நீர் கோத்து நிற்கும் நிலத்தில் மேலும் களியைச் சேர்ப்பது பணத்தைக் கொடுத்து நோயை வாங்குவதாகும்.

## ஆட்டுக்கிடை

“ஆடு பயிர் காட்டும், ஆவாரை கதிர் காட்டும்” என்று சொல்வார்கள். ஆட்டெரு பட்ட நிலத்தில் பயிர் எழும்பும் வேகமே வேறு. அதற்குக் காரணம் புழுக்கையைவிடச் சிறுநீர்தான் என்பேன். தொழுவத்திலும் குப்பைமேட்டிலும் சிறுநீரின் தழைச்சத்து பெரும்பாலும் வீணாகிறது; கிடையில் அது நேரே மண்ணுக்குள் இறங்குகிறது. ஏற்று கூலியும் இல்லை, பரப்பு கூலியும் இல்லை. ஆடுகளே பரப்பிவிடுகின்றன.

இராமநாதபுரம், சிவகங்கைப் பக்கத்துக் கீதாரிகள் (ஆட்டு மந்தை மேய்ப்பவர்கள்) அறுவடை முடிந்ததும் மந்தையை ஓட்டிக்கொண்டு காவிரிப் படுகை வரை போவார்கள். இரவுக் கணக்கில் கூலி. பணமாகவோ நெல்லாகவோ பேசிக்கொள்ளலாம். ஓர் ஆடு ஓர் இரவுக்கு அரைக் கிலோ புழுக்கை என்று தோராயமாக வைத்தால், 200 ஆடுகள் ஐந்து இரவு படுத்தால் அரை டன். கேட்கச் சிறிதாக இருந்தாலும், மட்கிய மாட்டெருவைவிட இது சத்தில் அடர்த்தி. ஒவ்வோர் இரவும் பட்டியை இடம் மாற்றச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் ஒரு மூலையில் பயிர் கொழுத்துச் சாயும், மறு மூலை மஞ்சளாக நிற்கும்.

மறைந்திருக்கும் செலவுகளில் பெரியது சீமைக் கருவேலம். அதன் நெற்றைத் தின்ற ஆட்டின் வயிற்றில் விதை சாகாமல், உழுத வயலில் முளைக்கிறது. நெற்று உதிரும் காலத்தில் கிடை போட்டால் அடுத்த மழைக்குப் பிறகு ஒரு களையெடுப்புக் கூலியைக் கூடுதலாக எடுத்து வையுங்கள். கிடை எழுந்ததும் இரண்டொரு நாளில் மேலோட்டமாக உழுதுவிட வேண்டும். வெயிலில் விட்டால் நாம் கூலி கொடுத்து வாங்கிய தழைச்சத்து காற்றில் போய்விடும். ஈர நிலத்தில் கிடை வேண்டாம், குளம்பு மண்ணை இறுக்கிவிடும்.

பலன் முதல் பயிருக்கு நிறைய, இரண்டாவதற்குக் கொஞ்சம். மண்ணின் உடலைப் பெரிதாக மாற்றாது. ஆனால் வண்டி போகாத வயலுக்கும், ஏற்று கூலி கொடுக்க முடியாதவருக்கும் இதைவிட நேர்மையான எரு கிடையாது. ஒரு வேண்டுகோளும் உண்டு. நம் வயலில் இரவெல்லாம் விழித்துக் காவல் காக்கிறவரிடம் கடைசி ரூபாய் வரை பேரம் பேசாதீர்கள். மேய்ச்சல் நிலங்கள் சுருங்கிவரும் இக்காலத்தில் இந்தத் தொழிலை விட்டு ஒதுங்குகிறவர்கள் பெருகினால், கிடை என்ற வழியே நமக்கு இல்லாமல் போகும்.

## பசுந்தாள் உரம்

நீர் இருக்கும் நஞ்சைக்கு இதுதான் என் முதல் தேர்வு. ஏக்கருக்கு 20 கிலோ தக்கைப்பூண்டு விதைத்து, 45 முதல் 50 நாளில், பூ எடுக்கும் தறுவாயில் மடக்கி உழுதால், நன்றாக வளர்ந்த பயிரில் 8 டன் வரை பசுந்தழை மண்ணுக்குள் போகும். அத்தனை எடையை வண்டியில் ஏற்றி இறக்க எவ்வளவு ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். வேர் முடிச்சுகள் காற்றிலிருந்து பிடித்துத் தரும் தழைச்சத்து ஒரு மூட்டை யூரியாவுக்குக் குறையாது. 2024-25-இல் தொடங்கிய முதலமைச்சரின் ‘மண்ணுயிர் காத்து மன்னுயிர் காப்போம்’ திட்டத்தில் விதை மானியத்தில் கொடுத்தார்கள்; உங்கள் வட்டார அலுவலகத்தில் இருப்பைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

எந்த விதை என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். தக்கைப்பூண்டு நீர் தேங்கினாலும் தாங்கும், களரிலும் வளரும். சணப்பை வேகமாக வளரும், ஆனால் நீர் தேங்கினால் அழுகிவிடும். வடிகால் உள்ள மண்ணுக்குத்தான் அது. கொழிஞ்சி தொடக்கத்தில் மெதுவாக வளரும், வறட்சியைத் தாங்கும், மாடு அவ்வளவாக வாய் வைக்காது, ஒருமுறை விதை கொட்டிவிட்டால் ஆண்டுதோறும் தானாகவே முளைக்கும். மானாவாரிக்காரர் கொழிஞ்சியைத்தான் கேட்டு வாங்க வேண்டும்.

இதன் உண்மையான விலை விதையில் இல்லை. 50 நாளிலும் அந்த நாட்களின் நீரிலும் இருக்கிறது. ஆடி, ஆவணி மழையை நம்பி விதைத்து, கண்மாய் நிறைவதற்குள் மடக்கி உழ முடிகிற ஒருபோக நஞ்சைக்கு அந்த விலை ஏறக்குறைய ஒன்றுமில்லை. ஆழ்துளைக் கிணற்றில் நீர் இறைத்து முப்போகம் எடுப்பவருக்கோ ஒரு பயிரையே இழப்பதற்குச் சமம். மடக்கி உழுத பிறகு ஈரம் இல்லாவிட்டால் தழை மட்காமல் கரையானுக்கு இரையாகும். நாள் தவறி 70, 80 நாள் விட்டுவிட்டால் தண்டு நாராகிச் சுழல் கலப்பையில் சுற்றிக்கொள்ளும். உழுது பத்து நாளாவது விட்டு நடவு செய்யுங்கள்.

இளந்தழை விரைவாக மட்கிவிடுவதால் ஒரு முறை செய்துவிட்டு நிறுத்தினால் தடம் தெரியாமல் போய்விடும். மூன்று நான்கு ஆண்டுகள் தொடர்ந்தால்தான் மண் பொதுபொதுப்பாவது காலில் தெரியும்.

## தொழு உரம்

வீட்டில் மாடு இருப்பவருக்கு இந்தக் கட்டுரையே வேண்டாம். உங்கள் குப்பைக்குழியை நிழலில் வைத்து, மாட்டுச் சிறுநீரையும் கூளத்தில் பிடித்து, மட்க வைத்துப் போடுங்கள். ஏக்கருக்குப் பரிந்துரை 5 டன். ஒரு மாடு நாளொன்றுக்குப் பத்துக் கிலோ சாணம் போட்டால், மட்கிய பிறகு ஆண்டுக்கு இரண்டு டன்னுக்கும் குறைவாகவே தேறும். அதாவது ஏக்கருக்கு மூன்று மாடு. டிராக்டர் வந்து தொழுவம் காலியான பிறகு எரு ஏன் விலைப்பொருளாயிற்று என்பது இந்தக் கணக்கிலேயே இருக்கிறது.

விலைக்கு வாங்குவதில்தான் எனக்குத் தயக்கம். எரு டன் கணக்கில் வருவதில்லை, டிப்பர் கணக்கில் வருகிறது. அதில் எவ்வளவு ஈரம், எவ்வளவு மணல் என்பது கொட்டிய பிறகுதான் தெரியும். ஒருமுறை மட்காத எருவை வாங்கி இறக்கிவிட்டு, வேர்ப்புழுவுக்குக் கால் ஏக்கர் கடலையைக் கொடுத்தேன். தென்னை வைத்திருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். காண்டாமிருக வண்டு முட்டையிட்டுப் பெருகுவது எருக்குவியலில்தான். கையை உள்ளே விட்டால் சூடில்லாமல், நாற்றமில்லாமல், வைக்கோல் வைக்கோலாகத் தெரியாமல் பொடியாக இருந்தால் மட்டும் பணத்தை எடுங்கள்.

நல்ல எரு கிடைத்தால் சத்தும் தரும், மண்ணின் உடலையும் மெல்லத் தேற்றும், பலன் இரண்டு மூன்று ஆண்டு நிற்கும். காய்கறி, வாழை, மஞ்சள் போன்ற பணப்பயிருக்கு அந்த விலை தாங்கும். மானாவாரிச் சிறுதானியத்துக்குத் தாங்காது.

## ஒரே பார்வையில்

| | வண்டல் | கிடை | பசுந்தாள் | வாங்கும் தொழு உரம் |
|---|---|---|---|---|
| நீர்ப்பிடிப்பு | செம்மண்ணில் மிக நன்று | சிறிது | தொடர்ந்து செய்தால் நன்று | நன்று |
| அந்த ஆண்டுச் சத்து | குறைவு | மிக நன்று | நன்று | நடுத்தரம் |
| நிற்கும் காலம் | பல ஆண்டுகள் | ஒரு பயிர், சற்றுக் கூடுதல் | ஒரு பயிர் | 2–3 ஆண்டுகள் |
| நீரும் நாளும் | கோடை, நீர் வேண்டாம் | கோடை, நீர் வேண்டாம் | 50 நாள், ஈரம் கட்டாயம் | தேவையில்லை |
| மறைசெலவு | வண்டி வாடகை, சவுடு, கழிவு | கருவேல விதை, உடனடி உழவு | ஒரு பயிர்க்காலம் | மணல், புழு, களை விதை |
| பொருந்தாத இடம் | கரிசல், களி | ஈர நிலம் | நீரில்லாத தோட்டம் | விலை குறைந்த மானாவாரிப் பயிர் |

## எனக்கு எழுதியவர்களுக்கு நான் சொல்வது

செம்மண் புஞ்சை, கண்மாய் அருகில்: இந்தச் சித்திரையில் வண்டல். பணம் போதாவிட்டால் ஏக்கர் முழுவதும் தூவலாகப் போடாமல் கால் ஏக்கருக்கு முழு அளவு போடுங்கள். நான்கு ஆண்டில் முடியும். வண்டலில் சத்து குறைவு என்பதால், மறு ஆண்டு கோடையில் அதன்மேல் கிடை.

ஒருபோக நெல் நஞ்சை: தயங்காமல் ஆடியில் தக்கைப்பூண்டு. மாசி, பங்குனியில் கீதாரி வந்தால் கிடையும் சேரட்டும். இரண்டும் ஒரே காலத்தில் மோதுவதில்லை.

கரிசல் மானாவாரி: வரப்பு, கோடை உழவு, கொழிஞ்சி அல்லது கிடை. வண்டலை மறந்துவிடுங்கள்.

ஆண்டு முழுவதும் நீர் இறைக்கும் தோட்டம்: முதலில் கிணற்று நீரைச் சோதியுங்கள். நீர் நன்றாக இருந்தால் தொழு உரமும், வாழைச் சருகையும் கரும்புத் தோகையையும் மண்மேல் பரப்பும் மூடாக்கும். தோகையைக் கொளுத்திவிட்டு எரு வாங்குகிறவர்களைப் பார்த்தால் மனம் தாளவில்லை.

குத்தகைக்கு உழுபவர்களின் கடிதங்கள்தான் எனக்குக் கடினமானவை. வாய்ப்பேச்சில் ஆண்டுக் குத்தகை. அடுத்த ஆண்டு நிலம் கையில் இருக்குமா என்று தெரியாது. அவர்கள் வண்டல் அடித்தால் பலனை இன்னொருவர் அறுப்பார். அவர்களுக்குக் கிடைதான், அந்த ஆண்டே பணம் திரும்பும். வண்டல்தான் வேண்டும் என்றால், குத்தகையை ஐந்தாண்டுக்கு எழுத்தில் வாங்கிக்கொண்டு, டிப்பர் வாடகையில் பாதியை நில உரிமையாளரை ஏற்கச் சொல்லுங்கள். மண் அவருடையது; அது தேறினால் நிலத்தின் மதிப்பு கூடுவதும் அவருக்குத்தான். அவர் மறுத்தால் கண்மாய்ப் பக்கம் போகாதீர்கள், நேரே கீதாரியிடம் பேசுங்கள்.